பாட்டி வீணையின் யாளிக்குப் பல் போய்விட்டது. புது யாளி மாட்டலாமா?

குடமுருட்டி:

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருடமாக இங்கே படிக்க மட்டும் செய்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் பாட்டியின் வீணை போன மாதம் என்னிடம் வந்தது. பாட்டிக்கு 1958இல் கல்யாணச் சீராகத் தஞ்சாவூரில் சொல்லிச் செய்தது. கும்பகோணத்து வீட்டைக் காலி செய்தபோது மாமா அதைக் காரின் பின்சீட்டில் கிடத்திக் கோவைக்குக் கொண்டுவந்தார். வழியில் சாப்பிட இறங்கியவர் காரை வெயிலில் நிறுத்திவிட்டார். மெட்டுகளை (விரல் வைத்து அழுத்தும் உலோகக் கட்டைகளை) பிடித்திருக்கும் மெழுகு இளகி ஐந்து மெட்டு சாய்ந்துவிட்டது. அது போதாதென்று, கதவைத் திறக்கும்போது வீணையின் முனையில் இருக்கும் யாளித் தலை இடித்து இடது கோரைப்பல் முழுசாகப் போய்விட்டது. காது நுனியிலும் ஒரு சில்லு இல்லை. பல்லைக் காரில் தேடினோம், கிடைக்கவில்லை. தண்டியின் (நீளமான கழுத்துப் பகுதியின்) ஓரத்தில் ஓடும் வெள்ளைப் பட்டை இரண்டு இடத்தில் எழும்பி நிற்கிறது. இது காரால் வந்ததில்லை, முன்பே இருந்ததாம்.

இங்கே ஒரு கடையில் காட்டினேன். "யாளியைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டிடலாம், தங்க கலர் அடிச்சு சூப்பரா இருக்கும். வெள்ளையை எல்லாம் உரிச்சிட்டுப் புது பிளாஸ்டிக் ஒட்டி, மொத்தமா பாலிஷ் போட்டா கல்யாணப் பொண்ணு மாதிரி ஆகிடும்" என்றார்கள். 18,000 ரூபாய். பழைய யாளியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள்.

அம்மாவோ மூளியான வீணையைச் சரஸ்வதி பூஜையில் வைக்கக் கூடாது என்கிறார். பூஜைக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. எனக்கு அந்த முகத்தை மாற்ற மனசே இல்லை. சின்ன வயதில் பாட்டி சாதகம் செய்யும்போது நான் அந்த யாளியின் வாயில் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் நான் சொல்வது வெறும் பாசமா, இல்லை அதில் விஷயமும் இருக்கிறதா என்று தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லங்கர்:

வணக்கம், வாருங்கள். நான் இருபது வருடமாக வாசிக்கிறேன், செய்பவன் இல்லை. என் கருத்து கொஞ்சம் கசக்கும்.

யாளிக்குப் பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மோகனம் மோகனம்தான். 18,000 ரூபாயை முகத்துக்கும் வெள்ளைப் பட்டைக்கும் செலவு செய்யாதீர்கள். நல்ல கைக்காரரைப் பிடித்து 24 மெட்டையும் எடுத்துப் புதிதாக மெழுகு கட்டச் சொல்லுங்கள். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் இருக்கும் உலோகத் தகட்டைச் சீர் செய்யச் சொல்லுங்கள். வீணையில் காதுக்குத் தெரியும் செதுக்கல் அது ஒன்றுதான். தட்டையாகவும் இல்லாமல் முட்டிக்கொண்டும் இல்லாமல் மெல்லிய வளைவாக அரத்தால் தேய்த்து எடுத்திருப்பார்கள். தந்தி அதிர அதிர அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகும். சர் சி.வி. ராமன் 1921இல் இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளி உள்ள மேல்சுரங்கள் (மூல சுரத்தோடு சேர்ந்து மெல்ல ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) கேட்கக் கூடாது என்பது பழைய விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை கேட்கின்றன, காரணம் இந்தக் குதிரையின் வளைவு என்று காட்டினார்.

அந்த வளைவு கெட்டால் வீணை போச்சு. பல் கெட்டால் அழகு கொஞ்சம் போச்சு, அவ்வளவுதான்.

கொட்டாப்புளி:

லங்கர் சார் குதிரையைப் பற்றிச் சொன்னதில் மறுபேச்சு இல்லை. மீதியில் இருக்கிறது.

எங்கள் அப்பா தஞ்சாவூர்ப் பட்டறை ஒன்றில் முப்பத்தைந்து வருடம் செதுக்கு வேலை பார்த்தவர். நானும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் கிடப்பேன். பதினாறு வயதுவரை உப்புத்தாள் தேய்த்திருக்கிறேன். இப்போது வேறு வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உளி எடுக்காவிட்டால் கை நமநமவென்று இருக்கும்.

குடமுருட்டி, முதலில் மூன்று படம் போடுங்கள். யாளியின் கழுத்தும் தண்டியும் சேரும் இடம், உருண்டையான குடமும் தண்டியும் சேரும் இடம், எழும்பி நிற்கும் வெள்ளைப் பட்டையின் உடைந்த முனை. அதுவரை கடைக்காரரிடம் எதுவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். குடமும் தண்டியும் ஒரே பலாக்கட்டையில் குடைந்து வந்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. இரண்டிலும் யாளியைப் பெரும்பாலும் தனிக் கட்டையில் வெட்டிப் பொருத்துவார்கள். ஒட்டு வீணையில் தண்டியும் குடமும் சேரும் கோட்டின் மேல்தான் அந்தப் பூ வேலை செய்த வெள்ளைப் பட்டை சுற்றி வரும். பார்க்கிறவருக்கு அது வளையல் போட்ட கை மாதிரி இருக்கும். வேலைக்காரனுக்கு அது மூட்டை மறைக்கிற துணி. மேல்பலகையின் ஓரத்தில் ஓடும் பட்டையும் அப்படித்தான். பலகை குடத்தின் விளிம்பில் உட்காரும் இடத்தை மூடி, விளிம்பு சில்லுப் பெயராமல் காக்கும். பாதி அலங்காரம், பாதி மறைப்பு என்பார் அப்பா.

அறுபது வருடத்துக்கு மேல் மரமும் வஜ்ரப் பசையும் பட்டையும் ஒன்றோடு ஒன்று பழகி இறுகியிருக்கும். கத்தியை விட்டு எல்லாவற்றையும் உரித்தால் பட்டை மட்டும் வராது, அடியில் இருக்கும் பலா நாரையும் சேர்த்து இழுக்கும். மூட்டு வாய் திறந்தால் அப்புறம் லங்கர் சாருக்குப் பிடித்த நாதமும் போகும். செதுக்கலுக்கும் நாதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

எழும்பிய இரண்டு இடத்தை மட்டும் ஒட்டுங்கள்.

லங்கர்:

மூட்டு விஷயம் எனக்குத் தெரியாது. ஏற்றுக்கொள்கிறேன். பல்லைப் பற்றிச் சொன்னது அப்படியேதான் இருக்கிறது.

கானகம்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அந்த வெள்ளைப் பட்டை என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லையே? 1958இல் சொல்லிச் செய்த வீணை என்றால் தந்தமாகவோ மான் கொம்பாகவோ இருக்க வாய்ப்பு உண்டு. அப்போது அது சட்ட மீறல் இல்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986 திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தை நிறுத்தியது. 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவை மூடியது. பட்டறைகள் பிளாஸ்டிக் தகட்டுக்கு மாறியதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

தந்தம் என்றால் விற்கவோ வாங்கவோ கூடாது. கையில் வைத்திருப்பதற்கே உரிமைச் சான்று வேண்டும். 2003இல் அறிவிக்க ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள், நிறைய வீடுகளில் அது காதிலேயே விழவில்லை. உங்களுடையது தந்தம் என்று தெரிந்தால் ஒளித்து வைக்காமல் வனத்துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், விமான நிலையத்தில் வீணையையே எடுத்துக்கொள்வார்கள். ஈட்டி மர வீணை வைத்திருப்பவர்களுக்கும் 2017 ஜனவரி முதல் கொஞ்ச காலம் இப்படி ஒரு சிக்கல் இருந்தது. 2019இல்தான் முழுதாகச் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பலா மரத்துக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

குடமுருட்டி:

ஐயோ, இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொன்னார் மாமா.

கானகம்:

வேண்டாம், வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு என்ற பழைய காலத்து பிளாஸ்டிக்காக இருந்தால் குபீரென்று பற்றிக்கொள்ளும்.

உடைந்த முனையைப் பெரிதாக்கும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். குறுக்குவெட்டில் வலை பின்னியது மாதிரி ஒன்றை ஒன்று வெட்டும் கோடுகள் தெரிந்தால் தந்தம். பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகளோ சின்னக் கீறல்களோ தெரிந்தால் எலும்பு அல்லது கொம்பு. மான் கொம்பின் உட்பக்கம் பஞ்சு மாதிரி துளையாக இருக்கும், அதனால் அடிப்பக்கத்தையும் பாருங்கள். எதுவுமே இல்லாமல் வழவழவென்றோ, ஒரே சீராக நேர்கோடு ஓடினாலோ பிளாஸ்டிக் வகை. செல்லுலாய்டுக்கு ஒரு எளிய வழி உண்டு. கட்டைவிரலால் சூடு ஏறும்வரை தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், செய்முறையிலேயே கற்பூரம் சேர்ப்பதால்.

குடமுருட்டி:

படங்கள் போட்டிருக்கிறேன். யாளிக் கழுத்தில் ஒரு கோடு தெரிகிறது, ஆகவே தனிக் கட்டைதான் போல. குடத்துக்கும் தண்டிக்கும் நடுவே தடவிப் பார்த்தேன், பட்டைக்கு அடியில் இருப்பதால் எனக்குப் புரியவில்லை.

வெள்ளையில் இரண்டு வகை இருக்கிறது! குடத்தின் வெளிப்புறக் கோடுகளுக்கு நடுவே ஓடுவது தேய்த்தால் கற்பூர வாசனை அடிக்கிறது. அம்மாவும் முகர்ந்து பார்த்துவிட்டுக் கோயில் மாதிரி இருக்கிறது என்றார். தண்டியின் ஓரப் பட்டை வேறு. லேசாகப் பழுப்பேறி, உடைந்த முனையில் கரும்புள்ளிகள் இருக்கின்றன. வலைக்கோடு இல்லை. அதன் மேல் கொடியும் மயிலும் கீறி, கீறலில் கறுப்பும் சிவப்பும் ஏற்றியிருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்த மயிலை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

கானகம்:

அப்படியானால் தந்தம் இல்லை என்று நினைக்கிறேன். எலும்பா கொம்பா என்று படத்தை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். மான் கொம்பும் அதே சட்டத்துக்குள் வருவதுதான். விற்காமல் வீட்டிலேயே வைத்து வாசியுங்கள், சந்தேகம் இருந்தால் வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் உரித்த பட்டையை "நானே வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் மட்டும் கொடுக்காதீர்கள்.

கொட்டாப்புளி:

படம் பார்த்தேன். அம்மா தாயே, இந்த யாளியையா கழற்றிப் போடச் சொன்னார்கள்?

கண்ணைப் பாருங்கள். உருண்டையை வெளியே தள்ளி, இமையை இரண்டு மடிப்பாக வெட்டியிருக்கிறார். மேல் இமையின் கோடு மூக்கு ஓரம்வரை வந்து, அங்கிருந்து பிடரி மயிர்ச் சுருளாக மாறிவிடுகிறது. உளியைத் தூக்காமல் ஒரே ஓட்டமாக வெட்டியது அது. பிடரியில் இடது பக்கம் ஏழு சுருள், வலது பக்கம் ஆறு, எண்ணிப் பாருங்கள். வாசிப்பவர் மடியில் வைத்து உட்கார்ந்தால் சபைக்குத் தெரிகிற பக்கம் எதுவோ, அங்கே ஒன்று கூடுதல். அச்சில் வார்த்ததிலும் மிஷினில் வெட்டியதிலும் இதெல்லாம் வராது. இப்போது நான் கடைகளில் பார்க்கிற புது யாளிகளில் பாதி ஒரே முகம். பல் வரிசை டூத்பேஸ்ட் விளம்பரம் மாதிரி இருக்கும்.

அப்பா காலத்தில் ஒவ்வொரு செதுக்குக்காரருக்கும் ஒரு யாளி முகம் உண்டு. வீணையில் பெயர் எழுத மாட்டார்கள். பத்தடி தூரத்திலிருந்து முகத்தைப் பார்த்துவிட்டு "இது அவன் கை" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு யாளி கொஞ்சம் சிரிக்கும், ஒன்று பசித்த மாதிரி இருக்கும். அப்பாவின் யாளிக்கு மூக்கு சப்பை, எங்கள் தாத்தாவின் மூக்கு.

பல் ஏன் உடைந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், கதவு மேல் மட்டும் பழி போடாதீர்கள். யாளிக் கட்டையில் நார் கழுத்து நீளத்துக்கு ஓடுகிறது. கோரைப்பல் அதற்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது. குறுக்கு நார் ஒரு இடி தாங்காது. விவரம் தெரிந்தவர்கள் பல்லை அதே கட்டையில் விடாமல், நார் பல்லின் நீளத்துக்கு ஓடுகிற தனித் துண்டில் செய்து, ஈறில் துளை போட்டு இறக்குவார்கள். இவர் மகா கெட்டிக்காரர், ஆனால் பல்லில் கொஞ்சம் சோம்பல் பட்டிருக்கிறார். அல்லது கல்யாணத் தேதி நெருங்கியிருக்கும்.

ஆக, பல் மட்டும் கட்டலாம். புதுப் பல் பழையதைவிட உறுதியாகவே நிற்கும்.

கோபுரவாசல்:

அருமையான இழை. ஒரு தகவல்: யாளி வெறும் அலங்காரம் இல்லை. நாதம் தண்டி வழியாகப் போய் யாளியின் திறந்த வாய் வழியே வெளியே வரும்படி நம் முன்னோர் அமைத்தார்கள். அதனால்தான் வாய் திறந்திருக்கிறது. பல் உடைந்தால் நாதம் சிதறும்.

கொட்டாப்புளி:

ஐயா, தண்டி குடைந்ததுதான், ஆனால் நான் பார்த்த யாளி எதிலும் தொண்டைக்கு அப்புறம் வழி இல்லை. இந்த யாளியின் வாய்க்குள்தான் குடமுருட்டியே விரல் விட்டிருக்கிறாரே, கேளுங்கள்.

குடமுருட்டி:

விரல் ஒன்றரைக் கணு போகும். அப்புறம் மரம்தான். ஒரு தடவை கடலைமிட்டாய் அங்கே ஒட்டிக்கொண்டு அடி வாங்கியிருக்கிறேன்.

லங்கர்:

கடலைமிட்டாய் வாக்குமூலத்தோடு அந்தக் கட்சி முடிந்தது.

கோபுரவாசல்:

சரி, வாபஸ். எங்கள் பாட்டு வாத்தியார் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். ஆனால் யாளி வீணைக்கு எப்படி வந்தது என்பதாவது சொல்லுங்கள். கோயில் தூணிலிருந்து குதித்து வந்ததா?

மகரயாழ்:

ஏறக்குறைய அப்படித்தான் நானும் நினைக்கிறேன். என் ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய 24 மெட்டு வீணை உருவானதைத் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவர் ஆட்சி 1600 முதல் 1634 வரை. ஸ்ரீரங்கத்திலும் மதுரையிலும் பின்னங்காலில் எழும்பி நிற்கிற யாளிகள் மண்டபத் தூண்களை நிறைத்ததும் விஜயநகர, நாயக்கர் காலத்தில்தான். தூணைச் செதுக்கிய கைக்கும் வீணையைச் செதுக்கிய கைக்கும் நடுவே பெரிய தூரம் இருந்திருக்காது.

ஆனால் நரம்புக் கருவியின் முனையில் ஒரு உயிரை உட்கார வைக்கும் ஆசை அதைவிட ரொம்பப் பழையது. பொருநராற்றுப்படை ஒரு யாழை அங்கம் அங்கமாகக் காட்டுகிறது. அதன் பத்தல், அதாவது குடம், மானின் குளம்புத் தடம் மாதிரி நடுவே பிளந்திருக்கிறது. ஆணிகள் வளையில் வாழும் நண்டின் கண் மாதிரி இருக்கின்றன. மேலே ஓங்கி நிற்கும் தண்டு பாம்பு தலை தூக்கியது மாதிரி. செதுக்கினார்களா என்று அங்கே சொல்லவில்லை. வெறும் வளைந்த மரத்தைப் பார்த்தபோதே புலவருக்குப் பாம்பு தெரிந்துவிட்டது. மகர யாழ் என்று ஒன்றுக்குப் பெயரே இருந்தது, நான் இங்கே வைத்துக்கொண்டிருப்பதும் அதைத்தான். 1947இல் விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் வந்தபோது இந்தப் பெயர்கள் எல்லாம் மறுபடி ஒரு சுற்று வந்தன.

சோழர் செப்புத் திருமேனிகளில் வீணாதர தட்சிணாமூர்த்தி பார்த்திருக்கிறீர்களா? கைகள் வீணை பிடித்த பாவத்தில் அப்படியே நிற்கும், வீணை மட்டும் இருக்காது. அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வீணையின் முனையில் என்ன தலை இருந்திருக்கும் என்று மனம் அலையும். இழைக்குச் சம்பந்தமில்லை, மன்னியுங்கள்.

ஒஸ்லோவாசி:

சம்பந்தம் இருக்கு அண்ணை, எழுதுங்கோ.

நான் யாழ்ப்பாணம், இப்ப இருபத்தைந்து வருசமாக நோர்வேயில். இங்கே ஹார்டாங்கர் என்று ஒரு நாட்டுப்புற வயலின் இருக்கிறது. முதல் தரம் பார்த்தபோது எனக்கு எங்கட வீணைதான் ஞாபகம் வந்தது. தலைப்பக்கத்தில் சுருள் இருக்கிற இடத்தில் வாய் பிளந்த சிங்கமோ பறவை நாகமோ, தலையில் ஒரு கிரீடம். விரல் பலகை முழுக்க முத்துச்சிப்பியும் எலும்பும் பதித்திருப்பார்கள். உடம்பில் கறுப்பு மையால் பூக்கொடி வரைந்திருப்பார்கள். மேலே நாலு தந்தி, அடியில் தானாக அதிருகிற நாலோ ஐந்தோ தந்தி. இன்று இருக்கிறவற்றில் மிகப் பழையது என்று சொல்லப்படுவதில் 1651 என்று ஆண்டு போட்டிருக்கிறது. ரகுநாத நாயக்கர் போய்ப் பதினேழு வருசம். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள்.

ஒரு வித்தியாசம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பக்தி இயக்கங்கள் கிளம்பினபோது இதைப் பிசாசின் வாத்தியம் என்று சொன்னார்கள். கனபேர் அடுப்பில் போட்டதாகக் கதை உண்டு. எங்கட ஆக்கள் வாத்தியத்தைச் சாமியாக்கிப் பூசையில் வைக்கிறோம். ஆனால் பல்லு உடைஞ்சால் வைக்கப்படாது என்கிறோம். எரிக்கிறதும் ஒதுக்குகிறதும் ஒன்றில்லைதான். தங்கச்சியின்ர அம்மா சொன்னதை வாசிக்க அதுதான் நினைவு வந்தது.

குடமுருட்டி:

அண்ணா, அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அடுப்பில் போடச் சொன்னேனா நான்?" என்று கோபம். ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. மூளியானதை வைக்கலாமா கூடாதா?

கோபுரவாசல்:

இதில் நான் பேசலாம் என்று நினைக்கிறேன், எங்கள் வீட்டில் கோயில் வேலை உண்டு. மூளி என்றால் பின்னமான மூர்த்தி, அதாவது மூலவராக வைத்துப் பூஜை செய்யும் உருவம். அதற்கும் அங்கம் பின்னமானால் எது சின்ன குறை, எது பெரிய குறை என்று கணக்கு இருக்கிறது. சின்னதைச் சரி செய்து மறுபடி பூஜைக்குக் கொண்டுவருவார்கள். உங்கள் பூஜையில் மூர்த்தி சரஸ்வதி. வீணை அவள் காலடியில் வைக்கும் கருவி. தச்சர் உளி வைக்கிறார், பிள்ளைகள் கிழிந்த புத்தகம் வைக்கிறார்கள். தேய்ந்த உளியை யாரும் மூளி என்பதில்லை. பல் கட்டிய பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கள்.

லங்கர்:

முதல் தடவையாகக் கோபுரவாசலோடு ஒத்துப்போகிறேன். தேதியைக் குறித்துவைக்கவும்.

மூணாந்தந்தி:

அண்ணா அக்கா எல்லோருக்கும், ஒரு சின்ன கேள்வி. புது வீணை வாங்கப் போகிறேன். செதுக்கு வேலை அதிகமாக இருப்பது விலையும் அதிகம். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது இருந்தால் கை வேலை என்று நம்பலாமா?

கொட்டாப்புளி:

தம்பி, குறியீடு ஊரையும் முறையையும் காக்கிறது. உங்கள் கையில் இருக்கும் வீணையின் யாளியை யார் வெட்டினார் என்று அது சொல்லாது. பட்டறைக்கு நேரில் போங்கள். குடத்தை முதலில் தட்டிப் பாருங்கள், மரம் நன்றாகக் காய்ந்ததா என்று கேளுங்கள், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவா என்று கேளுங்கள். அப்புறம் யாளியின் வாய்க்குள் பாருங்கள். வெளியில் உப்புத்தாள் போட்டு எல்லாவற்றையும் வழவழப்பாக்கலாம், வாய்க்குள் போட முடியாது. நாக்குக்கு அடியில் உளித் தடம் தெரிந்தால் கை வேலை. காசு குறைவாக இருந்தால் செதுக்கலைக் குறைத்துக்கொள்ளுங்கள், மரத்தில் குறைக்காதீர்கள்.

பொப்பிலி வீணையும் பாருங்கள். கொல்லப்பள்ளி என்ற கிராமத்தில் ஒரே பலாக்கட்டையில் குடைந்து செய்கிறார்கள், நல்ல வேலை. ஷோகேஸில் வைக்கச் சின்னச் சின்ன வீணைகளும் அங்கே நிறையச் செய்கிறார்கள். யாளி கட்டைவிரல் அளவுதான் இருக்கும், அதிலும் பல் இருக்கும்.

குடமுருட்டி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். கொட்டாப்புளி ஐயா சொல்லிக் கொடுத்த பெரியவரைத் தஞ்சாவூரில் போய்ப் பார்த்தேன். பெயர் போட வேண்டாம் என்றார். இந்தத் தடவை வீணையைப் பழைய மெத்தை ஒன்றில் சுற்றி, விடியற்காலையிலேயே கிளம்பினோம்.

அவர் யாளியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கட்டைவிரலால் பிடரியைத் தடவினார். இது யார் கை என்று கேட்டேன். இரண்டு பேரைச் சொன்னார், பிறகு தலையை ஆட்டி இரண்டுமில்லை என்றார். பட்டறை மூலையிலிருந்து ஒரு பழைய குடத்தின் உடைந்த துண்டை எடுத்து, அதிலேயே பல் வெட்டினார். ஈறில் துளை போட்டு, வஜ்ரம் தடவி இறக்கினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காதைத் தொடவில்லை. "காது தேய்ந்தது, பல் உடைந்தது, இரண்டும் வேற வேற" என்றார். எழும்பிய பட்டையை ஈரத்துணி வைத்துப் பதமாக்கி ஒட்டி, நூலால் கட்டி ஒரு ராத்திரி விட்டார். மயில் பத்திரமாக இருக்கிறது. 24 மெட்டுக்கும் மெழுகு புதிதாகக் கட்டினார், குதிரைத் தகட்டையும் தேய்த்துக் கொடுத்தார். மெழுகுக்கும் குதிரைக்கும் கூலி வாங்கினார். பல்லுக்கு வாங்கவில்லை.

லங்கர் சார், மந்திர ஸ்தாயியில் பாட்டி காலத்துக் குரல் அப்படியே வருகிறது.

ஒரு சந்தேகம். பல் துண்டின் வெளிப்பக்கம் கறுத்திருந்தாலும் வெட்டியதும் உள்ளே பளிச்சென்று மஞ்சள். பழைய யாளி காப்பிக்கொட்டை நிறம். முகத்தில் ஒரு தங்கப் பல் கட்டிய மாதிரி இருக்கிறது. அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. ஏதாவது சாயம் தடவலாமா?

கொட்டாப்புளி:

தடவாதீர்கள். பலா வெட்டின அன்று மஞ்சளாகத்தான் இருக்கும். புத்த பிக்குகளின் துணிக்குச் சாயம் காய்ச்சுகிற மரம் ஆயிற்றே. வெளிச்சம் பட்டுப் பட்டுத் தானாகக் கறுக்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள், நேர் வெயில் மட்டும் வேண்டாம், மெழுகு இருக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் எது புதுப் பல் என்று நீங்களே தேட வேண்டி வரும்.

பூஜை முடிந்ததும் ஒரு படம் போடுங்கள். இடது பக்கத்திலிருந்து எடுங்கள், அந்த ஏழாவது சுருளை எங்கள் அப்பாவுக்குக் காட்ட வேண்டும்.

ஒஸ்லோவாசி:

எனக்கும் ஒரு படம் வேணும் தங்கச்சி, மஞ்சள் பல்லோடையே.